லீவு கேட்டால் பின்மாற்றமா?

போன ஞாயிறு மும்பையில் ஒரு சபையில் அறிவிப்பு நேரத்தில் நடந்ததை இங்கே மறுபடி விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு அன்று மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். எந்தச் சபை என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். தாராவியிலிருந்து கல்யாண் வரைக்கும், ஏன், வாஷி பக்கத்திலும், "இது எங்க சபைதானே?" என்று நாலு பேராவது கேட்பீர்கள். வருத்தமே அதுதான்.

ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) ஆசிரியை ஒருவர் இரண்டு மாதம் லீவு கேட்டார். அவ்வளவுதான். சபையை விட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. குரூப்பில் மூன்று வரி, அதில் ஒரு வரி மன்னிப்பு. அதற்கு மைக்கில் பதில் வருகிறது, இயேசு சொன்னதுபோல, கலப்பையின்மேல் கை வைத்துவிட்டுப் பின்னிட்டுப் பார்க்கக் கூடாதாம். பெயர் சொல்லவில்லையே, பொதுவாகத்தானே சொன்னோம் என்கிறார்கள். சரி. சபை முழுக்க ஒரே பெஞ்சைத் திரும்பிப் பார்த்ததும் பொதுவாகத்தான் போலிருக்கிறது.

லீவு கேட்டவர் பின்மாற்றக்காரர், அதாவது விசுவாசத்தை விட்டு விலகிப்போனவர், இல்லை. இந்த ஒரு வரியைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன். அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

அந்த அக்காவின் ஞாயிறு எப்படிப்பட்டது என்று மைக் பிடித்தவருக்குத் தெரியுமா? அதிகாலையிலேயே எழுந்து மதியச் சமையலில் பாதியை முடித்து, பத்லாப்பூரில் ஆறு மணி வாக்கில் லோக்கல் ஏற வேண்டும். எட்டு மணிக்கு வகுப்பு. ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரை இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஒரே அறை, ஒரே ஆள். ஒருவனுக்கு பாத்ரூம் போக வேண்டும், இன்னொருத்தி அம்மா வேண்டும் என்று அழுவாள், மூன்றாவது ஆள் பசையை எடுத்துப் பக்கத்துப் பிள்ளையின் முடியில் தடவியிருப்பான். வகுப்பு முடிந்ததும் கிரேயான் பொறுக்கி, நாற்காலி அடுக்கி, வருகைப் பதிவேட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஆராதனைக்குள் நுழையும்போது முதல் பாட்டு முடிந்திருக்கும். ஆராதனைக்குப் பிறகு ஆசிரியர் கூட்டம், அதன் பிறகு நாடகப் பயிற்சி. ஒரு மணிக்கு சயான் ஸ்டேஷனுக்கு வந்தால் மெகா பிளாக். வீடு போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரமே போயிருக்கும். மறுநாள் திங்கள்.

மெகா பிளாக் என்றதும் ஞாபகம் வருகிறது. லட்சக்கணக்கான பேரைச் சுமக்கிற மும்பை ரயில்வே, பெரும்பாலான ஞாயிறுகளில் காலை பதினொரு மணி வாக்கில் ஏதாவது ஒரு பாதையை நிறுத்தி, நாலு மணி வரைக்கும் தண்டவாளம், சிக்னல், மேல்கம்பி எல்லாவற்றையும் பார்க்கிறது. நாம் திட்டிக்கொண்டே காத்திருக்கிறோம். ஆனால் "இந்தத் தண்டவாளத்துக்கு விசுவாசம் குறைந்துவிட்டது" என்று யாரும் அறிவிப்பு செய்வதில்லை. பழுதான பிறகு நிறுத்துவதற்கும் பழுதாகாமல் இருக்க நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் ரயில்வேக்குத் தெரிகிறது, நம் கமிட்டிக்குத் தெரியவில்லை.

வசனம் வேண்டுமா? அதற்குப் பஞ்சமில்லை. பைபிளில் உபாகமம் 5-ஐ எடுத்துப் பாருங்கள். யாத்திராகமம் 20-இல் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு. உபாகமத்தில் காரணமே வேறு. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்கிறது. அதாவது ஓய்வு என்பது, கேட்டுக் கெஞ்சுகிறவருக்கு நாம் போடுகிற பிச்சை இல்லை. கொடுக்க வேண்டியது நம் கடமை. (இந்த வசனத்தைப் பிரசங்கம் பண்ணுகிற எத்தனை வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு ஞாயிறு லீவு என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

"வேலைக்கு ரிட்டயர்மெண்ட் உண்டு, ஊழியத்துக்குக் கிடையாது" என்று ஒரு பெரியவர் குரூப்பில் வாய்ஸ் நோட் போட்டார். கீழே வரிசையாகக் கைகூப்புகிற எமோஜி. ஐயா, எண்ணாகமம் 8:24-26 வாசியுங்கள். ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரமான லேவியருக்கு 25 வயதில் ஆரம்பம், 50 வயதில் பணிவிடை வேலை முடிகிறது. அதற்குப் பிறகு சகோதரரோடு சேர்ந்து காவல் காக்கலாம், வேலை செய்யக் கூடாது. அந்த நாளின் வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்துக்கே அப்படி ஒரு ஏற்பாடு.

சுழற்சி முறையும் நாம் கண்டுபிடித்த நவீன நாகரிகம் ஒன்றும் இல்லை. தாவீது ஆசாரியரை 24 வகுப்பாகப் பிரித்தார். பாடகர் 288 பேர், சீட்டுப் போட்டு 24 குழு, குழுவுக்கு 12 பேர். 1 நாளாகமம் 24, 25-ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. அந்த முறை எத்தனையோ தலைமுறை தாண்டியும் நின்றதால்தான், அபியாவின் வகுப்பு முறை வந்தபோது யோவான் ஸ்நானனின் அப்பா சகரியா தேவாலயத்துக்குள் போனார் என்று லூக்கா எழுதுகிறார். முறை முடிந்ததும் வீட்டுக்குப் போனார். வீட்டுக்குப் போனவரை யாரும் மைக்கில் திட்டவில்லை.

"பவுல் ஓய்வெடுத்தாரா?" இது அடுத்த அஸ்திரம். 2 கொரிந்தியர் 7-ஐ அவரே எழுதினார். மக்கெதோனியாவுக்கு வந்தபோது சரீரத்துக்கு இளைப்பாறுதல் ஒன்றுமில்லை, வெளியே போராட்டம், உள்ளே பயம் என்கிறார். அதை மறைக்கவில்லை, பெருமையும் அடிக்கவில்லை. தேவன் அவருக்கு எப்படி ஆறுதல் செய்தார்? உடன் ஊழியனான தீத்து வந்ததினாலே. ஒரு மனுஷன் நேரில் வந்து நின்றான், அவ்வளவுதான். நம் அக்காவுக்கு இந்த எட்டு நாளில் எத்தனை தீத்து வந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் உங்களுக்கே தெரியும்.

கலப்பை வசனத்தை எடுத்தவர்கள் மாற்குவை ஏன் மறந்தார்கள்? அவன் பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குக் கிளம்பி, பம்பிலியா வரைக்கும் வந்து பாதியிலே திரும்பிப் போனவன். பவுல் அவனை மறுபடி சேர்க்க மாட்டேன் என்றார். பர்னபா அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். கடைசியில் அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பர்னபா அன்றைக்கு அறிவிப்பு நேரத்தில் மைக் எடுத்திருந்தால் மாற்கு என்ன ஆகியிருப்பான்?

சரி, நியாயமான ஒரு கேள்விக்கு வருகிறேன். "ஆள் இல்லையே, என்ன செய்ய?" இதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்லலாம், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது.

ஐந்து வகுப்பு என்றால், வகுப்புக்கு இரண்டு பேராகப் பத்துப் பேர் வேண்டும். தனியாக ஒருவரைப் பிள்ளைகளோடு அறையில் விடவே கூடாது, அது பிள்ளைகளின் பாதுகாப்புக்கும்தான். மூன்று மாதம் வேலை, ஒரு மாதம் ஓய்வு என்று வைத்தால் பதினாலு பேர் போதும். அந்த ஓய்வைக் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள். அட்டவணையிலேயே இருக்கட்டும். கேட்டால்தான் கிடைக்கும் என்றால் வெட்கப்படுகிறவர்கள் கடைசி வரை கேட்க மாட்டார்கள், ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். கூடுதல் நாலு பேர் எங்கிருந்து? திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை ஆறு மாதம் துணைக்கு உட்கார வைத்துப் பிறகு வகுப்பைக் கொடுங்கள். எடுத்த எடுப்பில் தனியாக விட்டால் ஒரே மாதத்தில் ஓடிவிடுவார்கள். பெற்றோர் வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு வந்து வருகைப் பதிவும் பிஸ்கட்டும் பார்த்துக்கொண்டாலே ஆசிரியருக்கு மூச்சு வரும்.

இது எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, ஓய்வில் இருக்கிறவருக்கே போன் போகும். "இந்த வாரம் மட்டும் சிஸ்டர்." அந்தப் போனோடு அட்டவணை செத்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் மாற்று ஆட்கள் இரண்டு பேர் பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும், போன் பண்ணுகிறவர் பொறுப்பாளர் ஒருவர் மட்டும். மாற்று ஆள் இரண்டு பேரும் வரவில்லையா, இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைத்துப் பாட்டும் கதையும் சொல்லி அனுப்புங்கள். ஒரு வாரம் அப்படிப் போனால் குடி முழுகாது. இன்னொரு இடம்: "வகுப்புதான் இல்லையே, சும்மாதானே இருக்கீங்க" என்று பாடகர் குழுவிலோ (குயர்) அசனச் சமையலிலோ, அதாவது சபை விருந்துச் சமையலிலோ, தள்ளிவிடுவது. அதற்குப் பெயர் ஓய்வா, டிரான்ஸ்ஃபரா? பாடப் புத்தகம், பதிவேடு, பீரோ சாவி எல்லாம் கைமாறியிருக்க வேண்டும். ஓய்வு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது பொறுப்பாளர் கேட்கட்டும், திரும்பி வருகிறீர்களா, வேறு வேலை வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் வேண்டுமா என்று. மூன்றில் எதைச் சொன்னாலும் முகம் மாறக் கூடாது. அந்த முகம் மாறாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சாவி என்றதும் ஒரு தாத்தா நினைவு. வருஷக்கணக்காக ஆர்மோனியம் வாசித்தவர். முட்டி போனது, படி ஏற முடியவில்லை, வருவது நின்றது. முதல் வாரம் யாரும் கூப்பிடவில்லை, இரண்டாவது வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் கமிட்டியிலிருந்து போன். சந்தோஷமாக எடுத்தார். ஆர்மோனியப் பெட்டிச் சாவி எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்கள். அடக்கத்தன்று அதே ஆட்கள் "உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரன்" என்று பேசினார்கள், அருமையாகப் பேசினார்கள். அந்தப் பேச்சில் ஒரு வரியை அவர் உயிரோடிருந்தபோது முட்டி வலிக்குத் தைலத்தோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

ஊக்கப்படுத்துவது என்றால் நமக்கு "ஊழியம் செய்த அனைவருக்கும் நன்றி" என்கிற அறிவிப்புதான். அது யாருக்கும் போய்ச் சேராது. "உங்க வகுப்புல அந்தத் திக்கிப் பேசற பையன் போன வாரம் சங்கீதம் 23 முழுசா சொன்னான், நான் வெளிய நின்னு கேட்டேன்." இது போய்ச் சேரும். தனியாக, அந்த வாரமே, கோரிக்கை எதுவும் ஒட்டாமல் சொல்லுங்கள். "ரொம்ப நல்லா பண்றீங்க, அப்படியே விபிஎஸ்ஸையும்..." என்று விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் சேர்த்து இழுத்தால் அது அட்வான்ஸ், ஊக்கம் இல்லை.

சோர்ந்து கிடக்கிற வீட்டுக்கு "என்ன உதவின்னாலும் சொல்லுங்க" என்று செய்தி அனுப்புவதும் இதே ரகம்தான். சோர்ந்தவர் எங்கே யோசித்துச் சொல்வார்? "புதன் ராத்திரி ஏழரைக்கு நாலு பேருக்குச் சாப்பாடு வரும், உப்பு குறைச்சுப் போடவா, டப்பா திருப்ப வேண்டாம்" என்று அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அவர்களே சொல்வார்கள். நேரில் போனால் இருபது நிமிஷம் போதும், ஜெபம் அதற்குள்ளேயே அடங்கட்டும். ஒரே நாளில் எட்டுப் பேர் போய் நின்று, டீ போட வைத்து, என்ன வியாதி என்று விசாரித்துவிட்டு வராதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாகக் கேட்டபோது தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டான், தூங்கினான், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. பிரயாணம் வெகுதூரம் என்று சொன்னதே இரண்டாவது சாப்பாட்டின்போதுதான்.

"சபைக் காரியத்தை வெளியே எழுதலாமா, மத்தவங்க சிரிக்க மாட்டாங்களா?" மைக்கில் பேசியது வெளியே இல்லையா?

"நீ என்ன ஊழியம் செஞ்சு கிழிச்சே?" என் கணக்கை இங்கே விரிக்க மாட்டேன். நான் ஒன்றுமே செய்யாதவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எண்ணாகமம் மாறிவிடாது.

எபிரெயர் 10:25 பின்னூட்டத்தில் வரும் என்று தெரியும். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். போடுகிறவர்கள் தயவுசெய்து 24-ஐயும் சேர்த்துப் போடுங்கள். ஒருவரையொருவர் கவனித்து என்று அதில்தான் இருக்கிறது. கவனித்திருந்தால் அந்த அக்கா எழுதிக் கேட்கும் நிலையே வந்திருக்காது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இப்போது அவர் ஆராதனைக்கு வரலாமா என்றே யோசிக்கிறார். இரண்டு மாதம் கேட்டவரைக் காலத்துக்கும் அனுப்பிவிட்டோம். அவர் வந்தால் பக்கத்தில் உட்காருங்கள், லீவைப் பற்றிப் பேசாதீர்கள், வேறு எதையாவது பேசுங்கள்.

அந்த வகுப்புக்கு வருகிற ஞாயிறிலிருந்து இரண்டு மாதத்துக்கு இரண்டு பேர் வேண்டும். காலை எட்டு மணி, ஒரு மணி நேரம். பாடப் புத்தகமும் கிரேயானும் இருக்கிறது. பின்னூட்டத்தில் ஆமென் வேண்டாம், பெயர் போடுங்கள்.