இம்மீடியட்டாம், இம்மீடியட்!

ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய், கம்பெனிக்குப் போனில் புகார் சொல்லி மூன்றாவது நாள். இன்று காலையும் அதே குரல்: "இம்மீடியட்டா ஆள் அனுப்புறோம் சார்." ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் கேட்டேன். உள்ளே விளக்கு மட்டும் கல்யாண வீடு மாதிரி எரிகிறது, குளிர் இல்லை. சனிக்கிழமை அரைத்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு, கண்ணாடித் தட்டில் வழிந்து, கீழே இருந்த கேரட் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மாவுக்கு இருக்கிற வேகமாவது இவர்களுக்கு வேண்டாமா?

நேற்று நடந்த உரையாடல் இது.

"எத்தனை மணிக்கு வருவாங்க?"

"இம்மீடியட்டா சார்."

"அதான், எத்தனை மணிக்கு?"

"டுடே ஆர் டுமாரோ சார்."

"இன்னைக்கா, நாளைக்கா?"

"இம்மீடியட்டா சார்."

"தம்பி, இன்னைக்கு இம்மீடியட்டா, நாளைக்கு இம்மீடியட்டா?"

இரண்டு விநாடி யோசித்தான். "மேக்ஸிமம் இம்மீடியட் சார்."

பாலும் திரிந்துவிட்டது, காபியும் இல்லை. அந்த வெறியில் அகராதியை எடுத்துப் பார்த்தேன். லத்தீன் சொல்லாம். 'மீடியஸ்' என்றால் நடு. அதற்கு முன்னால் 'இல்லை' என்று ஒரு 'இம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் எதுவும் கிடையாது, யாரும் கிடையாது, நேரே வந்து சேர்வதுதான் இம்மீடியட். யாரும் கிடையாதாம்! தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்லும் அம்மா, பதினோரு நிமிடப் புல்லாங்குழல், பெயரைக் கேட்டுவிட்டு மறுபடி பெயரைக் கேட்கும் பையன், பதினாலு இலக்கப் புகார் எண், 'ஏரியா சூப்பர்வைசர்' என்ற கண்ணுக்குத் தெரியாத தெய்வம், கடைசியாக ஸ்விட்ச் ஆஃப் செய்த போனோடு ஒரு டெக்னீஷியன். நடுவில் ஒரு ஊரே குடியிருக்கிறது.

இவர்களை மட்டும் சொல்வானேன், வெள்ளைக்காரன் கதையும் இதேதான். 'சூன்' என்கிறோமே, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அது 'சோனா'. அப்போது அதற்கு 'உடனே' என்று பொருள். சொல்லிச் சொல்லி ஏமாற்றியே 'கொஞ்ச நேரத்தில்' ஆக்கிவிட்டார்கள். 'பிரசன்ட்லி'யும் அப்படித்தான், 'இப்போதே' என்று ஆரம்பித்து 'அப்புறம் பார்க்கலாம்' பக்கம் போய்விட்டது. 'அனான்' என்று இன்னொன்று, அதுவும் முதலில் 'உடனே'தான். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில் ஃப்ரான்சிஸ் என்று ஒரு மதுக்கடைப் பையன் வருவான். இளவரசன் வம்புக்குப் பேச்சுக் கொடுத்து அவனைப் பிடித்துவைத்திருப்பான். இன்னொரு பக்கம் இளவரசனின் கூட்டாளி அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். பையன் "அனான், அனான், சார்" என்று கத்துவானே தவிர போகமாட்டான். நானூறு வருடத்துக்கு முன்னாலேயே கஸ்டமர் கேர்! அந்த 'சார்' உட்பட ஒன்றும் மாறவில்லை.

நம் 'உடனே'யில் 'உடன்' இருக்கிறது, அதாவது கூடவே. சொன்ன வாயோடு கூடவே நடக்க வேண்டும். சரி, நானும் யோக்கியன் இல்லை. சட்டையைத் தேடிக்கொண்டே "இதோ, பஸ் ஏறிட்டேன்" என்று சொல்கிற ஆள்தான். ஆனால் அதற்கு விசிட்டிங் சார்ஜ் வாங்குவதில்லையே!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு குறுஞ்செய்தி. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எத்தனை ஸ்டார் தருவீர்கள்?' சிரித்துவிட்டேன். சத்தமாக, தனியாக, கையில் மாவு ஒட்டிய கேரட்டோடு.

ஃப்ரிட்ஜ் இல்லாததால் தினமும் தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. போனால் கறிவேப்பிலைக்குத் தனியாகப் பத்து ரூபாய் கேட்கிறார். இருநூறு ரூபாய்க்குக் காய் வாங்கியவனிடம்! கறிவேப்பிலையை என்றைக்கய்யா எடைபோட ஆரம்பித்தீர்கள்?