எலி ஸ்கேனில் மில்லிமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள்

ஆய்வகச் சுண்டெலிகளுக்கான பெட் (PET), ஸ்பெக்ட் (SPECT) ஸ்கேனர்களைப் பற்றி, அதாவது உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே போகிறது என்று படம் பிடிக்கும் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "எத்தனை மில்லிமீட்டர் வரை தெரியும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை. இதில் எனக்கு ரொம்ப நாளாக வருத்தம். என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கேள்விதான் பெரியது.

மில்லிமீட்டரின் அருமை தெரியாமல் சொல்லவில்லை. மனிதர்களுக்கான பெட் ஸ்கேனரின் தெளிவு சுமார் 4 முதல் 6 மில்லிமீட்டர்; அதைவிட நெருக்கமாக இருப்பவை தனித்தனியாகத் தெரியாது. சுண்டெலியின் மூளையே அரை கிராம்தான். அந்தத் தெளிவில் பார்த்தால் மூளை மங்கலான ஒரு திட்டாகத்தான் தெரியும். அதனால்தான் 1990-களில் லாஸ் ஏஞ்சலிஸில் சைமன் செர்ரியின் குழு, சிறு விலங்குகளுக்கென்றே மைக்ரோபெட்டை உருவாக்கி, தெளிவை 2 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தது. பிறகு நெதர்லாந்தில் ஃப்ரீக் பீக்மன் குழுவினர், விலங்கைச் சுற்றி, கதிர்களை உள்ளே விடும் 75 ஊசித்துளைகளை அமைத்து, எல்லாவற்றையும் ஒரே சிறு பகுதியைப் பார்க்க வைத்தார்கள். ஸ்பெக்ட் படம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனது. அபாரமான வேலை!

ஆனால் ஊசித்துளையின் கணக்கு ரொம்பக் கறாரானது. துளையின் விட்டம் பாதியானால், அதன் வழியே வரும் காமா கதிர்கள் கால் பங்காகிவிடும். அதை ஈடுகட்ட, கதிரியக்க மருந்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும். மருந்தைக் கூட்டலாமா? சுண்டெலியின் உடலில் மொத்த ரத்தமே 2 மில்லிலிட்டர் அளவுதான். அதில் எவ்வளவுதான் ஏற்றுவது? அதே விலங்கை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுத்தால், அந்தக் கதிர்வீச்சே நாம் கவனிக்கும் கட்டியின் வளர்ச்சியை மாற்றிவிடலாம்.

சரி, நேரத்தைக் கூட்டலாம் என்றால் அங்கே மயக்க மருந்து நிற்கிறது. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தில் கிடக்கும் எலியின் உடல் குளிர்கிறது, மூச்சு மெதுவாகிறது, திசுக்கள் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும் விதமே மாறுகிறது. எலி குளிரில் இருந்தால் உடலுக்குச் சூடு தரும் அதன் பழுப்புக் கொழுப்பு, எஃப்டிஜி என்ற கதிரியக்கக் குளுக்கோஸை வைத்து எடுக்கும் படத்தில் பளிச்சென்று எரியும். நோயைப் பார்க்கப் போய் மயக்கத்தையும் குளிரையும் படம் எடுத்துவிட்டு வருகிறோம். இதைச் சின்னக் குறையாக என்னால் தள்ளிவிட முடியவில்லை.

நேரம் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம், சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு முறை துடிக்கிறது. ஊசி போட்ட முதல் சில நொடிகளிலேயே கதிரியக்க மருந்து உடலைச் சுற்றி வந்துவிடும். அது எங்கே நுழைந்தது, எவ்வளவு வேகமாக வெளியேறியது என்பதில்தான் உயிரியல் இருக்கிறது. நொடிக்கணக்கில் படம் பிடிக்க முடியாத கருவி, எல்லாம் ஓய்ந்த பிறகான மிச்சத்தைத்தான் காட்டும்.

பெட்டில் தெளிவுக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பெட் மருந்துகளில் உள்ள கதிரியக்க ஃப்ளூரின்-18 வெளியிடும் பாசிட்ரான் என்ற துகள், சராசரியாக அரை மில்லிமீட்டருக்கும் மேல் நகர்ந்த பிறகே அழிந்து, கருவி பிடிக்கும் கதிர்களைத் தருகிறது. அந்த வரம்போடு மல்லுக்கட்டுவதைவிட, தப்பிப் போகும் கதிர்களைப் பிடிப்பதில் உழைப்பைப் போடலாம். கதிர்களைப் பிடிக்கும் படிகங்களை விலங்கின் உடலுக்கு நெருக்கமாக, நீளமான வளையமாக அடுக்கலாம். தடிமனான படிகம் அதிகக் கதிர்களைப் பிடிக்கும், ஆனால் ஓரங்களில் படம் மங்கும். கதிர் எந்த ஆழத்தில் மோதியது என்பதையும் அளந்தால் அந்தச் சிக்கல் பெருமளவு தீரும். அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகம் வேறு வழியில் போனது: விழித்திருக்கும் எலியின் தலையிலேயே சிறிய பெட் வளையத்தைப் பொருத்தி, மயக்க மருந்தே வேண்டாம் என்றாக்கியது. எனக்கு மிகவும் பிடித்த முயற்சி அது.

வேகம் கிடைத்தால் ஒரு நாளில் இன்னும் நிறைய எலிகளை ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விலங்குச் சோதனைகளின் நெறிகளை வகுத்த ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-லேயே விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும், அவற்றின் துன்பத்தைத் தணிக்கவும் சொன்னார்கள். மிச்சமாகும் நிமிடங்கள் அந்த எலிக்குத்தான் போக வேண்டும். குறைந்த மயக்கம், குறைந்த கதிர்வீச்சு, அப்புறம் அதே விலங்கை நோயின் தொடக்கம் முதல் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு.

செயற்கை நுண்ணறிவை வைத்து, குறைந்த கதிர்களில் எடுத்த படத்தை அழகாக்குவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பழைய படங்களில் கற்றுக்கொண்ட நிரல், இதுவரை யாரும் பார்த்திராத ஒரு சிறு கட்டியை இரைச்சல் என்று துடைத்துவிடலாம். ஆராய்ச்சியில் நாம் தேடுவதே அதைத்தானே?

ஆகவே ஆய்வுக் கட்டுரைகளிலும் கருவி விளம்பரங்களிலும் மில்லிமீட்டர் எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்து அளவில், மூன்று விவரங்கள் வேண்டும்: படம் எடுக்க ஆன நேரம், செலுத்திய கதிரியக்க அளவு, விலங்கு மயக்கத்தில் இருந்த நிமிடங்கள். இவை இல்லாத தெளிவு எண்ணை வைத்து எந்தக் கருவியையும் வாங்காதீர்கள்.