மன்னர் கையில் சொத்து, மகள் கையில் திருட்டுப் பொருள்

1933ஆம் ஆண்டு 'டபுள் ஈகிள்' என்று சொன்னதுமே எல்லோரும் விலையைத்தான் பேசுகிறார்கள். 2021 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் கிட்டத்தட்ட 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போன தங்கக் காசு அது. எனக்கு அதன் விலையைவிட, அது யார் யார் கைக்குப் போய் வந்தது என்பதுதான் பெரிய விஷயம். அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

அமெரிக்காவின் 20 டாலர் காசு. 34 மில்லிமீட்டர் அகலம், 33 கிராமுக்குச் சற்றுக் கூடுதல் எடை, பத்தில் ஒன்பது பங்கு தங்கம். ஒரு பக்கம் தீப்பந்தமும் ஆலிவ் கிளையும் ஏந்தி, கதிர்கள் விரியும் சூரியனைப் பின்னால் விட்டு நம்மை நோக்கி நடந்துவரும் சுதந்திர தேவி. மறுபக்கம் பறக்கும் கழுகு. அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பியின் வேலை. காசில் இதைவிட அழகான உருவத்தை நான் பார்த்ததில்லை.

பிலடெல்பியா நாணயச்சாலை 1933இல் இப்படி 4,45,500 காசுகளை அச்சடித்தது. அதே ஆண்டு ஏப்ரலில், மக்கள் தங்கக் காசுகளை ஒப்படைக்க வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். புதுக் காசுகள் புழக்கத்துக்கே வரவில்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு இரண்டு போயின. மற்றவை 1937க்குள் உருக்கப்பட்டன. அப்படித்தான் கணக்கு சொன்னது. ஆனால் சில காசுகள் வெளியே கசிந்திருந்தன. 1944இல் விசாரணை தொடங்கியபோது தடயங்கள் எல்லாம் இஸ்ரேல் ஸ்விட் என்ற பிலடெல்பியா நகை வியாபாரியிடம் போய் முடிந்தன. கசிந்தவற்றில் ஒன்பதைத் தேடிப் பிடித்து அரசு உருக்கியது.

தப்பியது எகிப்து மன்னர் பாரூக் வாங்கிய காசு. அதே 1944இல் அவருடைய ஆட்கள் முறைப்படி ஏற்றுமதி உரிமம் கேட்டார்கள். அமெரிக்கக் கருவூலமும் யோசிக்காமல் கொடுத்துவிட்டது. தவறு தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1952இல் பாரூக் ஆட்சியை இழந்தார். 1954இல் அவருடைய சேகரிப்பு கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் அந்தக் காசு மட்டும் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1996இல் ஒரு பிரிட்டன் வியாபாரி அதை விற்க வந்தபோது, வாங்குபவர்கள் போல நடித்த அரசு ஆட்கள் நியூயார்க் விடுதியில் அவரைப் பிடித்தார்கள்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2002இல் காசை ஏலம் விட்டு, வந்த பணத்தை அரசும் வியாபாரியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். விலை 75,90,020 டாலர். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 20 டாலரைக் கவனியுங்கள்: காசு அதுவரை சட்டப்படி வெளியிடப்படவே இல்லை என்பதால், அதன் முகமதிப்பை வாங்கியவரிடம் தனியாகப் பெற்றுக்கொண்டு, அன்றுதான் அரசு அதைப் பணமாக்கியது!

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது. ஸ்விட்டின் மகள் குடும்பம் வங்கி லாக்கரில் மேலும் பத்துக் காசுகளைக் கண்டெடுத்து, அசல்தானா என்று பார்த்துச் சொல்லும்படி 2004இல் நாணயச்சாலையிடமே கொடுத்தது. அசல்தான் என்று சொன்ன நாணயச்சாலை, திருப்பித் தர மறுத்துவிட்டது. 2011இல் ஜூரி அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2015இல் மேல்முறையீட்டில் குடும்பம் வென்றது. 2016இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றியது. 2017இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

பத்தும் திருட்டுப் பொருள் என்ற தீர்ப்பை நான் எதிர்க்கவில்லை. ஸ்மித்சோனியனுக்குப் போன இரண்டைத் தவிர நாணயச்சாலையிலிருந்து ஒரு காசுகூட முறையாக வெளியே போகவில்லை என்றால், அவை நாட்டின் சொத்துதான். ஆனால் பாரூக்கின் காசும் அதே வழியில் வெளியே போனதுதானே? ஓர் அதிகாரி கவனிக்காமல் கொடுத்த உரிமம் திருட்டை எப்படிக் கழுவும்? மன்னரின் பெயர் ஒட்டியதால் ஒன்று கோடிக்கணக்கில் விலை போகிறது. நகை வியாபாரியின் பெயர் ஒட்டியதால் பத்துக்கு மதிப்பே இல்லை. நாட்டின் சொத்து என்று வாதாடும் அரசு, 2002இல் அந்த ஒன்றைத் தனியார் கைக்கு விற்றிருக்கவே கூடாது. விற்றது பெரும் தவறு.

நாணயம் சேகரிக்கும் நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்ல. 'இது மன்னரிடம் இருந்தது' என்றால் விலையைக் கூட்டுகிறோம். மன்னரிடம் எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

பத்துக் காசுகளும் 2006இல் டென்வர் நாணயக் கண்காட்சியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. வைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மக்களுடையவை என்று வழக்காடிப் பெற்றவற்றைப் பெட்டகத்தில் பூட்டி வைக்காமல், ஊருக்கு ஒன்றாக அருங்காட்சியகங்களில் நிரந்தரமாக வைக்க வேண்டும். பக்கத்திலேயே ஸ்விட்டின் பெயரும், பாரூக்கின் பெயரும், உரிமம் கொடுத்த கருவூலத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.