இன்னொரு லோரி கல் வேண்டாம்

நேற்று சாயங்காலம் மழை விட்டதும் அம்மா வாசலில் இறங்கினார். நாலு எட்டு வைத்திருப்பார். கைத்தடி பள்ளத்துக்குள் போய், கால் பிசகி, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. சாலையிலிருந்து வாசல் வரை 100 அடி நீளம், 10 அடி அகலத்துக்குச் செம்மண் பாதை. ஆறு வருடத்தில் ஐந்து தடவை இதில் கல் கொட்டியாயிற்று. எல்லாமே தீபாவளிக்கு முன்னால்தான். அக்டோபர், நவம்பரில்தான் நம் பக்கம் மழை ஊற்றும், சொந்தக்காரர்களின் கார்களும் அப்போதுதான் வரிசையாக வரும். பொங்கலுக்குப் பானை வைக்கும்போது பார்த்தால் பாதி கல் கால்வாயில் கிடக்கும், மீதி மண்ணுக்குள் போயிருக்கும்.

லோரிக்காரர் வருவார். பாதையை முழுசாக ஒரு தடவை நடந்துகூடப் பார்க்க மாட்டார். "அக்கா, ஒரு லோரி கிரஷர் ரன் கொட்டினா போதும், ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்ல." கிரஷர் ரன் என்றால் தூளோடு சேர்ந்து வரும் உடைத்த கல். எப்படிப் போதும்? அந்தச் சின்ன லோரியில் வருவது 3 டன். அதை 1,000 சதுர அடியில் பரப்பி இறுக்கினால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். கார் ஏறி இறங்கும் பாதைக்கு இறுகிய கல் 4 அங்குலமாவது வேண்டும். அதற்கு ஏறக்குறைய 20 டன் ஆகும். பேனாவும் தாளும் இருந்தால் பள்ளிப் பிள்ளை போடுகிற கணக்கு இது. தினமும் கல் விற்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே 300 வெள்ளியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்.

அதையாவது நல்ல கல்லாகக் கொட்டினாரா? போன வருடம் கிரஷர் ரன் என்று சொல்லிவிட்டுக் கொண்டுவந்தது உருண்டை உருண்டையான ஆற்றுக்கல். உடைத்த கல்லுக்கு முனை இருக்கும். ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும், இடுக்கில் கல் தூள் போய் அடையும், நனைத்து ரோலர் உருட்டினால் கெட்டிப்பட்டு நிற்கும். ஆற்றுக்கல்லை எத்தனை தடவை உருட்டினாலும் டயர் பட்டதும் கோலிக்குண்டாக ஓடும். ஈப்போவைத் தாண்டினால் சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் மலைகளையே உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடைத்த கல்லுக்கா இந்த வட்டாரத்தில் பஞ்சம்?

இத்தனைக்கும் கல் இரண்டாவது விஷயம். முதல் விஷயம் தண்ணீர். அதைப் பற்றி இந்த ஆறு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் வாயைத் திறக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாலை மழை 50 மில்லிமீட்டர் பெய்தால் என் பாதைமேல் மட்டும் 4,600 லிட்டர் தண்ணீர் விழுகிறது. கூரைத் தண்ணீர் தனி. அது எங்கே போகும்? நடுவில் மேடும் இல்லாமல், ஓரத்தில் வாய்க்காலும் இல்லாமல் இருந்தால் டயர் தடத்திலேயேதான் ஓடும், குழி கண்ட இடத்தில் தேங்கும். அடியில் இருக்கிற செம்மண் ஊறிக் களியாகும். அதன்மேல் கார் ஏறினால் கல் கீழே இறங்கும், களி மேலே வரும். இன்னும் பத்து லோரி கொட்டினாலும் அந்தக் களி விழுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அப்பா தோட்டத்தில் ரோட்டு வேலைக் கூட்டத்தில் இருந்தவர். "ரோட்டுக்கு முதுகு வேணும்மா, தண்ணி அதுமேல உக்காரக் கூடாது" என்பார். 10 அடிப் பாதைக்கு நடுவில் இரண்டரை அங்குலம் உயர்த்தினால் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். தோட்டத்து மண் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வருடக்கணக்காக ஓடுகின்றன. அந்த ரோடு தாங்குவதற்குக் காரணம் முதுகும், ஓரத்து வாய்க்காலும், இடையிடையே தண்ணீரைச் செம்பனை மரங்களுக்குள் திருப்பிவிடும் வெட்டும்தான். அப்பா இருந்தவரை ஒவ்வொரு பெரிய மழையிலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு வாசலில் நிற்பார், தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு. வயசான காலத்தில் எதற்கு நனைகிறார் என்று நாங்கள் சத்தம் போட்டிருக்கிறோம். அவர் போனதும் அந்த வாய்க்கால் தூர்ந்தது. ஆறு வருடக் கதையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யோசனை சொல்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. "பேசாம சிமெண்டு போட்டுருங்க" என்கிறார்கள். பக்கத்து வீடு எங்களைவிடத் தாழ்வு. சிமெண்டு போட்டால் ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் நேரே அந்த அக்கா வீட்டு அடுப்படிக்குத்தான் போகும். இன்னொருவர் செம்பனைக் கொட்டை ஓட்டைக் கொட்டச் சொன்னார். தோட்டத்து ரோட்டில் போடுவார்கள்தான். ஆனால் தண்ணீர் ஓடும் பாதையில் கல்லே நிற்கவில்லை, அதைவிட லேசான ஓடு எப்படி நிற்கும்? குழியில் மட்டும் கல்லை அள்ளிப் போடுங்கள் என்பதும் அப்படித்தான். தேங்கிய தண்ணீரின் மேல் போட்ட கல்லை அடுத்த டயரே வெளியே எறிந்துவிடும். குழியின் அடிமட்டம் வரை சுரண்டி எடுத்து, புதுக் கல்லோடு கலந்து, மட்டம் பார்த்து உருட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஆள் கேட்டால் யாரும் வருவதில்லை. கொட்டிவிட்டுப் போகத்தான் வருகிறார்கள்.

இன்று காலை ஒரு குத்தகைக்காரரைப் பிடித்து நிற்க வைத்துப் பேசிவிட்டேன். முதலில் இரண்டு ஓரமும் வாய்க்கால். அப்புறம் களியை வழித்து எடுத்து, மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி, தண்ணீரை விட்டுவிட்டு மண்ணும் கல்லும் கலக்காமல் பிரித்து வைக்கும் துணி அது. அதன்மேல் உடைத்த கல், இரண்டு அடுக்காக, அடுக்குக்கு ஒரு தடவை ரோலர். நடுவில் முதுகு. நூல் கட்டி அளந்து பார்க்காமல் கடைசித் தவணை தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செலவு அதிகம்தான். ஐந்து தடவை கால்வாயில் கொட்டிய காசு என் கண்முன் நிற்கிறது.

இந்தத் தெருவில் லோரி ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வண்டி திருப்ப இடம் இல்லையென்று என் பாதையில் பின்னால் ஏற்றி வளைக்கிறீர்கள். நீங்கள் ஒரு தடவை வளைத்தால் அந்த முதுகு தட்டையாகிவிடும், மழை மறுபடியும் தடத்தில் இறங்கும், அம்மா மறுபடியும் விழுவார். சந்தி முனையில் திருப்புங்கள். சனிக்கிழமை வேலை ஆரம்பம். அன்றிலிருந்து வாசலில் கயிறு கட்டியிருப்பேன், நானும் அங்கேயேதான் நிற்பேன்.