கூட்டுறவுக் கடையின் கீரைக்கட்டு
சிற்றூர்களில் உள்ள கூட்டுறவு இயற்கை உணவுக் கடைகளில் விலை மிகுதி என்று இதழில் எழுதிய கட்டுரையாளரின் குறையை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற ஊரில் வாழும் நான் பாதிதான் ஏற்பேன். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். ஆகவே கூட்டுறவு நமக்குப் புதிதன்று. விலை கூடுதல்தான் என்றாலும், வேண்டிய அளவே வாங்க முடிகிறது: எங்கள் கடையில், வீட்டுப் போத்தலைக் கொண்டுபோனால் செக்கு நல்லெண்ணெயை அளந்து ஊற்றித் தருகிறார்கள்; கைக்குத்தல் அரிசியை அரைக் கிலோகூட வாங்கலாம். அப்படிச் சிறிதளவாக வாங்குவதே நல்லது; தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அவ்வரிசியில் விரைவில் சிக்கு வாடை ஏறிவிடும் (சென்ற மாதம் நான் வாங்கியதும் அப்படித்தான்). என் மனக்குறை வேறு: கீரைக்கட்டில் ‘இயற்கை’ என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்களே தவிர, இயற்கை முறையில் விளைந்தது என்பதற்குச் சான்றாக மலேசிய வேளாண்மைத் துறை வழங்கும் மைஆர்கானிக் (myOrganic) முத்திரையைக் காணோம்.