கல்லில் ஏறிய ஊர்ப் பேச்சு

இங்கிலாந்தின் தெற்கில் இருக்கும் டார்செஸ்டருக்குப் போகிறவர்களில் பலர் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியைத் தேடிப் போகிறவர்கள். நானும் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ரயில் ஏறினேன். ஹார்டி சிலைக்கு நடக்கும் வழியில், செயின்ட் பீட்டர் தேவாலயத்துக்கு வெளியே இன்னொரு சிலை. வெண்கலத்தில் ஒரு தாடிக்காரக் கிழவர். பீடத்தில் இருந்த வரிகளைப் படித்ததும் நின்றுவிட்டேன். வெட்டியவர் எழுத்துப்பிழை விட்டுவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது.

பிழை இல்லை. அது டார்செஸ்டரைச் சுற்றியுள்ள டார்செட் சீமையின் நாட்டுப்புறத்துப் பேச்சு. அந்தச் சீமையில் 'ஃபோக்' என்பதை 'வோக்' என்பார்கள், 'ஃபைண்ட்' அங்கே 'விண்ட்', 'ஸோ' என்பது 'ஸூ'. அவர்கள் வாயில் வந்தபடியே எழுத்துக் கூட்டி கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நான்கு வரிதான். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "அந்தப் பிரியமான மொகம் நல்ல எடம் தேடிப் போயிருக்கும்னு நம்புறேன், ஆனா இங்கன விட்டுட்டுப் போன சனங்க மனசுல என்னைக்கும் இருப்பாரு."

வில்லியம் பார்ன்ஸ், 1801–1886. பள்ளிக்கூட வாத்தியார், கவிஞர், கடைசிக் காலத்தில் பாதிரியார். சிலை வைத்தது 1889இல். அந்த நான்கு வரியும் அவர் எழுதியதே, ஆனால் தன்னைப் பற்றி அல்ல. ஊர்க்காரர்களிடம் அன்பாக இருந்த ஒரு நிலக்கிழாரை நினைத்து எழுதிய கவிதையின் வரிகள். அவர் போன பிறகு ஊர் அதை எடுத்து அவருக்கே சூட்டிவிட்டது. இதைவிட நல்ல அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

சிலைகளைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. நம் பக்கத்துச் சிலைகளின் பீடத்தில் என்ன இருக்கும்? பெயர், பிறப்பு இறப்பு, அப்புறம் திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர். கவிஞர் சிலை என்றால்கூட அவர் எழுதிய ஒரு வரியைத் தேட வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அது ஏடறிந்த, திருத்திய வரியாக இருக்கும். டார்செஸ்டர்க்காரர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த எழுத்துக்கூட்டலில் கை வைக்காமல் விட்டது.

ஏனென்றால் பார்ன்ஸ் ஒரு வாத்தியார். ஊர்ப் பேச்சைத் திருத்துவதுதான் அந்தக் காலத்து வாத்தியாரின் வேலை. ப்ளாக்மோர் பள்ளத்தாக்கில் ஒரு எளிய குடும்பத்தில் பிறந்தவர், சொந்த முயற்சியில் கிரேக்கம், லத்தீன், பாரசீகம், இந்துஸ்தானி என்று மொழி மொழியாகப் படித்தவர். 1823இலிருந்து மியர் என்ற ஊரிலும், 1835இலிருந்து டார்செஸ்டரிலும் பள்ளி நடத்தினார். இவ்வளவு படித்த மனிதர் உட்கார்ந்து, மாடு மேய்ப்பவனும் பால் கறப்பவளும் பேசுகிற பேச்சில் கவிதை எழுதினார். 1844இல் புத்தகமாக வந்தபோது கூடவே ஒரு நீண்ட கட்டுரையும் சேர்த்தார். இது கெட்டுப்போன ஆங்கிலம் இல்லை, ஆங்கிலத்தின் பழைய வடிவமான ஆங்கிலோ-சாக்ஸன் மொழியின் நேரான வாரிசு என்பது அவர் வாதம். மேய்ச்சல் பொது நிலத்தை வேலி போட்டு எடுத்துக்கொண்டதால் ஏழைக் குடும்பம் பசுவை விற்க நேர்ந்த துயரத்தை, அந்தக் குடியானவர்களே பேசிக்கொள்வதுபோல எழுதினார். அந்தத் துயரத்தை வேறு எந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் அது பார்வையாளர் ஒருவரின் குரலாகத்தான் இருந்திருக்கும்.

எனக்கு இது தனிப்பட்ட விஷயம். சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டில் 'வந்தாக, போனாக' என்றுதான் பேசுவோம். ஆறாம் வகுப்பில் நான் அப்படிப் பேசியதற்கு ஓர் ஆசிரியர் என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். "கொச்சை" என்றார். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன். வீட்டுக்குப் போய் அம்மா பேசும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் போகப் பல வருடம் ஆனது. அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

பார்ன்ஸின் பள்ளி இருந்த சவுத் ஸ்ட்ரீட்டிலும் ஒரு நினைவுப் பலகை உண்டு. பக்கத்துக் கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்த இளைஞன் ஹார்டி, இலக்கணச் சந்தேகம் வந்தால் இவரிடம் ஓடுவானாம். பள்ளி கடைசியில் நொடித்துப்போனது. மூடுகிற சமயம் பார்த்து அவருடைய மாணவர் ஒருவர் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வில் முதலிடம் வந்தார். காலம் கடந்த செய்தி. மனைவி ஜூலியா 1852இலேயே போய்விட்டார். பள்ளியின் பாரத்தில் பெரும் பங்கைத் தூக்கியவர். அவரை இழந்த பிறகு பார்ன்ஸ் எழுதிய கவிதையும் அதே ஊர்ப் பேச்சில்தான். உயிர் போகிற வலியிலும் அந்த மொழிதான் வாயில் வந்திருக்கிறது. ஜூலியாவுக்கும் ஊரில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகை வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மத்தியானம் வின்டர்போர்ன் கேம் வரை நடந்தேன். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் சின்னக் கோயில். 1862இலிருந்து சாகும் வரை அவர் பாதிரியாராக இருந்த இடம், அடக்கம் செய்ததும் அங்கேதான். சிலுவைக் கல்லுக்குப் பக்கத்தில் நான் மட்டும். அடக்கத்துக்கு நடந்து வந்த ஹார்டி, தூரத்தில் சவப்பெட்டியின் மேல் வெயில் பட்டு ஒரு கணம் மின்னியதைப் பார்த்தார். பழைய நண்பர் கையசைத்து விடைபெறுவதுபோல இருந்தது என்று பின்னால் கவிதை எழுதினார்.

திரும்பும்போது மறுபடி சிலையடியில் நின்று, பீடத்து எழுத்தைப் படம் எடுத்தேன். ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏப்பா, அவுக பேசுன மாதிரியேவா எழுதி வச்சிருக்காக?"

"ஆமாம்மா. அப்படியேதான் வச்சிருக்காக."