துப்பாக்கி இருந்தால் மட்டும் கிளர்ச்சிக் குழு ஆகிவிடாது

கிளர்ச்சிக் குழுக்களைப் பட்டியலிடும் ஒரு கட்டுரை, கொலம்பியாவின் ஃபார்க் என்ற இடதுசாரி கெரில்லா அமைப்பையும் ஏயூசி என்ற வலதுசாரி ஆயுதக் குழுக்களின் கூட்டமைப்பையும் ஒன்றாக 'கிளர்ச்சியாளர்கள்' என்று சேர்த்திருப்பது சரியல்ல. ஃபார்க் 1964 முதல் அரசோடு போரிட்டது. ஏயூசியோ கெரில்லாக்களுக்கு எதிராக நின்றது, பல இடங்களில் ராணுவத்தினரின் ஒத்துழைப்போடு. துப்பாக்கியை யார் மீது நீட்டுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உலகின் ஆயுத மோதல்களைப் பதிவுசெய்யும், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டம் அரசுக்கு எதிரான குழுவைக் கணக்கில் சேர்க்க வைத்திருக்கும் அளவுகோல் தெளிவானது: குழுவுக்கு அறிவிக்கப்பட்ட பெயர், ஆட்சி அல்லது நிலப்பகுதி குறித்த கோரிக்கை, அரசுடனான மோதலில் ஒரு காலண்டர் ஆண்டில் குறைந்தது 25 போர்ச் சாவுகள். பொதுமக்களைக் குறிவைத்துக் கொன்றது இந்த 25-இல் சேராது, அதற்குத் தனிப் பிரிவு உண்டு. போதைக் கும்பல்கள் தங்களுக்குள் மோதுவதற்கும் அப்படியே. ஆனால் போதைப் பணம் வாங்கியது என்பதற்காக மட்டும் ஒரு குழுவை நீக்கிவிடக் கூடாது. ஃபார்க்கும் அதில் சம்பாதித்ததுதான்.

பெரும்பாலோர் சறுக்குவது, குழு எந்த ஆண்டில் யாரோடு மோதியது என்ற கணக்கில். சூடானின் ஆர்எஸ்எஃப் (விரைவு ஆதரவுப் படை) 2013-இல் அரசே உருவாக்கிய படை, நாட்டின் மேற்கிலுள்ள டார்ஃபூரில் கிளர்ச்சியாளர்களோடு மோதியது. 2023 ஏப்ரலில் அதே படை ராணுவத்துக்கு எதிராகத் திரும்பியது. குழுவுக்கு ஒரே முத்திரை குத்தினால் இதில் ஒரு பாதி பொய்யாகிவிடும். பட்டியலில் ஒவ்வொரு ஆண்டுக்கும் தனிப் பதிவு போட்டு, எதிரி யார், கோரிக்கை என்ன என்று குறித்து வையுங்கள். குழு உடைந்தால் பிரிந்த அணிக்கும் தனிப் பதிவு வேண்டும், இல்லையேல் சாவுகள் தாய்க்குழுவின் கணக்கில் ஏறிவிடும். யாரும் உரிமை கோராத தாக்குதலை ஊகத்தில் எந்தக் குழுவின் தலையிலும் கட்டாதீர்கள்.